காற்றில் ஓடிய சரக்குக் கப்பல்கள்: கிரீனிச் முதல் கிளாஸ்கோ வரை

திங்கள், லண்டன் – கிரீனிச்

டாக்லேண்ட்ஸ் ரயிலில் ஏறினால் கப்பலின் பெயரிலேயே ஒரு நிலையம் வருகிறது: கட்டி சார்க். இறங்கித் தெருவைத் தாண்டினால் மூன்று பாய்மரங்களும் கண்ணில் படும். மேல்தட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். இந்தக் கப்பலைக் கீழிருந்து பார்க்கத் தொடங்குவதுதான் சரி. 1869-இல் நீரில் இறங்கி, சீனத் தேயிலை சுமந்த பாய்க்கப்பல் இது; 1954 முதல் உலர்துறையில் நிற்கிறது. 2007 மே மாதம் தீப்பிடித்தபோது பாய்மரங்களும் மேல்தட்டு அறைகளும் பலகைகளில் பெரும்பகுதியும் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்ததால் தப்பின. 2012-இல் மீண்டும் திறந்தபோது கப்பலை மூன்று மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டார்கள். இப்போது கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரமான ஏராக்கட்டைக்குக் கீழேயே நடந்து போகலாம்.

கீழே நின்று கப்பலின் முன்பகுதியான அணியத்தைப் பாருங்கள். 212 அடி நீளத்துக்கு 36 அடி அகலம்தான். முன்பக்கம் கத்தி முனைபோல் ஒடுங்குகிறது. அடிப்பாகம் முழுக்கப் பொன்னிறத் தகடு. இன்றிருப்பது புதிய தகடு. அன்று அடித்தது மன்ட்ஸ் உலோகம், அதாவது செம்பு 60 பங்கு, துத்தநாகம் 40 பங்கு கலந்த பித்தளை வகை. கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் பாசியும் ஒட்டிய கப்பல் நாளுக்குப் பல மைல் இழக்கும். மரம் துளைக்கும் புழு பலகையையே தின்றுவிடும். செம்புத் தகடு மெல்லக் கரைந்து நீரில் நஞ்சாவதால் இரண்டும் அண்டுவதில்லை.

அப்படியானால் முழுக்க இரும்பில் கட்டித் தகடு அடித்திருக்கலாமே என்று தோன்றும். இரும்பும் செம்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் இரும்பு அரிக்கும். முழுக்க மரத்தில் கட்டினாலோ சட்டங்கள் தடித்துப்போய்ச் சரக்கறையின் இடத்தைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் இந்தக் கட்டுமானம்: எலும்புக்கூடு இரும்பு, மேல் பலகை தேக்கு, அடிப்பலகை ராக் எல்ம் என்ற அமெரிக்க மரம், அதற்கு மேல் தகடு. பலகை இடையில் இருப்பதால் தகடு இரும்பைத் தொடாது. ஆனால் பலகையைச் சட்டத்தோடு இணைத்த பித்தளை மரையாணிகள் தொட்டன. நூறாண்டுக்குப் பிறகு இந்தக் கப்பலைப் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் அந்த ஆணிகளைச் சுற்றி இரும்புச் சட்டம் அரித்துப்போனதுதான்.

பலகை இடுக்குகளைப் பாருங்கள். நீர் புகாமல் இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலையின் படிகள் நம் கடற்கரையில் தோணிக்குச் செய்வதற்கு மிக நெருக்கமானவை. முதலில் பழைய அடைப்பைக் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திரியாக உருட்டி, உளியும் மரச்சுத்தியலும் கொண்டு இடுக்கில் இறக்க வேண்டும். ஒரு திரி போதாது. பலகையின் கனத்துக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். கடைசியில் கொதிக்கும் கீலை ஊற்றிச் சுரண்டிச் சமப்படுத்துவார்கள். இடுக்கு ஈரமாக இருந்தால் கீல் ஒட்டாது. நாரை அளவுக்கு மீறி இறுக்கினால் பலகையே விலகி அடுத்த இடுக்கு திறந்துகொள்ளும். பிரிட்டனில் அந்தப் பழங்கயிற்றைப் பிரித்தவர்கள் பெரும்பாலும் சிறைக் கைதிகளும் ஏழை விடுதிகளில் இருந்தவர்களும்தான்.

இனி சரக்கறைக்கு வருவோம். 1870-இல் ஷாங்காயிலிருந்து வந்த முதல் சுமை 13 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தேயிலை. இன்றைய கணக்கில் சுமார் 590 டன். தேயிலை இடத்தை அடைக்கும், எடை கொடுக்காது. அதனால் கட்டணமும் எடைக்கு அல்ல, 50 கன அடிக்கு இவ்வளவு என்றுதான். எடை இல்லாமல் இவ்வளவு உயரப் பாய்மரத்தோடு கப்பல் நிமிர்ந்து நிற்காது. எனவே அடியில் இரும்புக் கட்டிகளும் கூழாங்கல்லும் அடிப்பாரமாகப் போகும். கூழாங்கல்லைக் கப்பலின் அடிவளைவோடு ஒத்துப்போகும்படி சமன்செய்து, மேலே பலகை பரப்பி, முதல் அடுக்கில் மட்டத் தேயிலையை வைப்பார்கள். அடியில் தேங்கும் நீர் எட்டினால் கெடுவது அதுவாக இருக்கட்டும் என்பதுதான் கணக்கு. உயர்ந்த சரக்கு நடுவில். பக்கங்களில் பிளந்த மூங்கிலும் பாயும். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டிகளைச் சீனத் தொழிலாளர்கள் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். ஆடும் பெட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் முந்தின சுமை என்ன என்பதும் விலையைத் தீர்மானிக்கும்.

கம்பளி முற்றிலும் வேறு. 1883-இலிருந்து கட்டி சார்க் ஆஸ்திரேலியக் கம்பளிக்கு மாறியது. அமுங்கும் சரக்கு என்பதால் திருகு ஜாக்கியை வைத்து இரண்டு பொதி இருக்கும் இடத்தில் மூன்றாவதைத் திணிப்பார்கள். அப்படி 5,000 பொதிக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஈரக் கம்பளி ஒரு பொதி உள்ளே போய்விட்டால் அது தானாகச் சூடேறிக் கனன்று தீப்பிடிக்கும். ஏற்றும்போதே கையை விட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 17.5 நாட், 24 மணி நேரத்தில் 363 கடல் மைல் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது: இதை எத்தனை கைகளைக் கொண்டு ஓட்டலாம்? காற்றுக்குக் கூலி இல்லை. மனிதனுக்கு உண்டு, சோறும் உண்டு. தேயிலைக் காலத்தில் சுமார் 30 பேர் ஓட்டிய இதே கப்பல் 19 பேரோடும் ஓடியிருக்கிறது. இந்தப் பயணம் முழுக்க நாம் பார்க்கப்போவது அந்தக் கைகளின் வேலையைத்தான்.

செவ்வாய், கிரீனிச் – மேல்தட்டு

காலையில் குன்றேறி வானாய்வகத்துக்குப் போய்விடுங்கள். கூரைமேல் ஒரு சிவப்புப் பந்து கம்பத்தில் கோத்திருக்கும். 12.55-க்குப் பாதி ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக 1 மணிக்கு விழும். 1833 முதல் தேம்ஸில் நின்ற கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் காலமானியைச் சரிபார்த்தன. கடிகாரத்தில் 4 வினாடி பிழை என்றால் தீர்க்கரேகையில் ஒரு கலைப் பிழை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல் மைல். நூறு நாள் பயணத்தில் கடிகாரம் நாளுக்கு அரை வினாடி கூடுதலாக ஓடினால் 50 வினாடி, அதாவது 12 மைலுக்கு மேல். அதனால் கடிகாரம் துல்லியமாக இருப்பதைவிட, அது நாளுக்கு எவ்வளவு பிசகுகிறது என்பது மாறாமல் இருப்பதே முக்கியம். பிசகைக் குறித்துக்கொண்டு கழித்துவிடலாம்.

மதியத்துக்குப் பிறகு மேல்தட்டு. கப்பலில் இருந்தவர்கள் இரண்டு அணி: ஒன்று கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான முதல் மேட்டின் கீழ், மற்றொன்று இரண்டாம் மேட்டின் கீழ். நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. மாலை 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக வெட்டியிருக்கும். இல்லாவிட்டால் ஒரே அணி தினமும் நள்ளிரவுக் காவலில் மாட்டிக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு மணியடி கூடிக்கொண்டே போய் எட்டில் முடிந்தால் அணி மாறும். தச்சர், பாய் தைப்பவர், சமையல்காரர், பரிமாறுபவர் ஆகியோருக்கு இரவுத் தூக்கம் உண்டு. மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரம்கூடத் தூக்கம் கிடையாது. 'எல்லோரும் மேலே' என்ற கூப்பாடு வந்தால் அதுவும் போச்சு.

பக்கச் சுவரின் உள்பக்கம் பாருங்கள். வரிசையாகக் குத்தியிருக்கும் முளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு எட்டு வடிவில் சுற்றிக் கட்டியிருக்கும். கப்பல் முழுக்கச் சுமார் 11 மைல் கயிறு. பாயைத் தொங்கவிடும் குறுக்குமரமான பருமலை ஏற்றி இறக்குவது ஒன்று, இடவலமாகத் திருப்புவது ஒன்று, பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது ஒன்று, பாயைச் சுருட்டி மேலே தூக்குவது சில. எல்லாம் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே தடிமன். ஆனால் இடம் தாறுமாறு அல்ல. கீழ்ப் பாயின் கயிறுகள் முன்னால், மேலே போகப் போகப் பின்னால் என்று எந்தக் கப்பலில் ஏறினாலும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றே. புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரத்திலேயே மழை இரவில் தடவிப் பார்த்துச் சரியான முளையைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் மேலே நிற்பவனின் தலைமீது ஒரு டன் மரம் இறங்கும்.

ஆளைக் குறைக்கும் சூழ்ச்சி மேலே பாய்களிலேயே இருக்கிறது. கீழிருந்து இரண்டாவதாக வரும் பாய்தான் கப்பலின் உழைப்பாளி. புயலிலும் கடைசிவரை விரிந்திருப்பது. பழைய கப்பல்களில் அது ஒரே பெரிய துணி. காற்று ஏறும்போது அதைச் சுருக்க இரு அணிகளும் மேலே ஏற வேண்டும். 1850-களில் அதை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தார்கள். மேல்பாயின் பருமலைச் சற்றே இறக்கினால் போதும். துணி கீழ்ப்பாயின் முன்னால் தொய்ந்து காற்றை இழக்கும். பாதி ஆட்களே போதும்.

பாய் சுருட்டுவது இப்படி: தட்டில் நிற்பவர்கள் பாயின் அடியையும் மூலைகளையும் கயிறு இழுத்துப் பருமல்வரை தூக்கிவிடுவார்கள். மேலேறியவர்கள் பருமலுக்குக் கீழே தொங்கும் கால்கயிற்றில் நின்று, வயிற்றை மரத்தின்மேல் சாய்த்து, துணியை மடிப்பு மடிப்பாகக் கையால் அள்ளி இழுத்து மேலே வைத்துக் கட்ட வேண்டும். நனைந்த கித்தான் பலகைபோல் விறைக்கும், நகம் பிய்யும். ஒரே கால்கயிற்றில் நிற்பதால் ஒருவன் ஏறும்போது மற்றவர்கள் கால் துள்ளும். குரல் கொடுக்காமல் ஏறவே கூடாது.

இதைவிடச் சிறிய வேலை ஒன்று என்னைக் கவர்ந்தது. பாயைத் தூக்கும் கயிறுகள் விரிந்த பாயின் முன்பக்கம் இறுக்கமாகக் கிடந்தால் உரசி உரசித் துணியை அறுத்துவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் ஒரு பயிற்சி மாலுமி மேலேறி, கயிற்றை மேலே இழுத்துத் தளர்த்தி, கப்பியருகே ஒற்றை இழை நூலால் கட்டிவிடுவான். அந்த நூல் தளர்வைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு மட்டும் வலுவாக இருக்க வேண்டும். கீழிருந்து வெடுக்கென்று இழுத்தால் உடனே அறுந்துவிட வேண்டும். நல்ல நூலால் கட்டியவன் புயலில் கப்பலையே சிக்கலில் விடுவான். எல்லாப் பாய்களிலும் முடித்து இறங்குவதற்குள் முதல் பாயில் ஒன்று அறுந்திருக்கும்.

இனி கப்பலின் மிகக் கடினமான செயல்: காற்றுக்கு எதிராகத் திசை மாற்றுவது. காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது, அதை இடப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கப்பல் நல்ல வேகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இடம் குறித்தது. சமையல்காரருக்கும் உண்டு, முன்மரத்துப் பெரும்பாயின் கீழ்முனைக் கயிறு அவர் பொறுப்பு. சுக்கானைத் திருப்பி முன்னால் உள்ள முக்கோணப் பாய்களைத் தளர்த்தினால் அணியம் காற்றை நோக்கித் திரும்பும். முன்மரத்துப் பாய்கள் முன்முகத்தில் காற்று வாங்கி அணியத்தைத் தள்ளும். அவற்றின் மறைவில் நடுமரத்துப் பாய்கள் காற்றின்றித் துவளும் அந்தச் சில வினாடிகள்தான் வாய்ப்பு. அப்போது நடுமரம், பின்மரம் இரண்டின் பருமல்களையும் ஒரே மூச்சில் மறுபக்கம் வீசித் திருப்ப வேண்டும்; அந்த நேரத்தில் அவை இலகுவாக ஓடும். அணியம் காற்றைத் தாண்டியதும் முன்மரத்தையும் திருப்பினால் முடிந்தது.

கட்டளை சீக்கிரமாக வந்தால் கப்பல் திரும்பாமல் நின்றுவிடும். தாமதித்தால் பருமல்கள் காற்றுப் பாரத்தில் அசையாது. நின்ற கப்பல் பின்னோக்கி நகரும், சுக்கான் தலைகீழாக வேலை செய்யும், பெரிய அலையில் அது உடையவும் கூடும். ஆள் குறைந்த கப்பல்கள் இதைத் தவிர்த்து, காற்றுக்கு முதுகு காட்டிப் பெரிய வளைவாகச் சுற்றி வந்தன. அதற்குக் குறைந்த கைகள் போதும். ஆனால் முட்டி மோதிச் சேர்த்த சில மைல்கள் ஒவ்வொரு முறையும் பறிபோகும்.

சுக்கான் போனால் என்ன ஆகும்? 1872-இல் தெர்மோபைலி என்ற போட்டிக் கப்பலுடன் ஷாங்காயிலிருந்து போட்டியிட்டு வந்தபோது இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலில் கட்டி சார்க் சுக்கானை இழந்தது. கப்பலில் இருந்த முதலாளியின் சகோதரர் தென்னாப்பிரிக்கத் துறைமுகத்துக்குப் போகச் சொன்னார். கேப்டன் ஜார்ஜ் மூடி மறுத்தார். தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் உதிரி மரங்களையும் கப்பலில் கிடைத்த இரும்பையும் வைத்து, ஆடும் தட்டிலேயே உலை மூட்டி, மாற்றுச் சுக்கான் ஒன்றை உருவாக்கினார். கடலில் மிதந்துகொண்டே அதைக் கட்டிப் பொருத்தினார்கள். வழியில் அது மீண்டும் பழுதாகி, மறுபடி சரிசெய்து, தெர்மோபைலிக்கு ஒரு வாரம் பின்னால் லண்டன் சேர்ந்தார்கள். தோற்ற ஓட்டம்தான், ஆனால் இந்தக் கப்பலின் எந்தச் சாதனையையும்விட நான் இதைத்தான் மேலாக வைப்பேன்.

புதன், சாத்தம் – கயிற்றுக்கூடம்

லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் சாத்தம். இது 1984 வரை அரசு கடற்படைத் தளம். வணிகக் கப்பல்கள் தனியார் கூடங்களில்தான் கயிறு வாங்கின. ஆனால் முறை ஒன்றே. இங்கே இன்றும் பழைய கட்டடத்தில் விற்பனைக்குக் கயிறு திரிக்கிறார்கள். கட்டடம் 346 மீட்டர் நீளம். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் இருப்பவர் ஆணா பெண்ணா என்றே தெரியாது. வேலையாட்கள் சைக்கிளில் போகிறார்கள்.

இவ்வளவு நீளம் எதற்கு? முறுக்கினால் குறுகும் என்பதால். நாரை நூலாக்கி, நூலைப் புரியாக்கி, மூன்று புரியைக் கயிறாக்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு நீளம் போய்விடும். 120 பாகம், அதாவது 720 அடி நங்கூரக் கயிறு வேண்டுமென்றால் ஆயிரம் அடிக்கு மேல் புரியை நேராக நீட்டிப் பிடிக்க இடம் வேண்டும். நூல் ஒரு பக்கம், புரி எதிர்ப்பக்கம், கயிறு மீண்டும் முதல் பக்கம் என மாற்றி மாற்றி முறுக்குவதால்தான் ஒன்று பிரிய நினைக்கும்போது மற்றது இறுகுகிறது. மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை ஒன்று புரிகளுக்கு நடுவே நகர்ந்து போகும். அதற்குப் பின்னால் கயிறு பிறக்கும். கட்டை வேகமாக நகர்ந்தால் கயிறு தளர்ந்து சீக்கிரம் நீர் குடிக்கும். மெதுவானால் அளவுக்கு மீறி இறுகி வளையாமல் விறைக்கும்.

ஹெம்ப் என்ற செடியின் நார் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. உப்புநீரில் மக்கும், அதனால் தார் தேய்க்க வேண்டும்; தார் வலுவையும் கொஞ்சம் குறைக்கும். பிலிப்பைன்ஸின் மணிலா நாருக்குத் தார் தேவையில்லை. நம் பக்கத்துத் தென்னை நார்க்கயிறு வலுவில் இரண்டுக்கும் கீழ்தான். ஆனால் நீரில் மிதக்கும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். அலையில் குலுங்கும் கப்பலைக் கட்டி இழுக்க வேறெதுவும் அதற்கு ஈடில்லை. மேலைக் கப்பல்களும் இலங்கை, இந்தியத் தென்னை நார்க் கயிற்றை இதற்கென்றே வைத்திருந்தன.

கயிற்றின் எதிரி பாரத்தைவிட உரசலும் நீரும்தான். நிலையாக நிற்கும் கயிறுகளுக்கு மூன்று கவசம் போடுவார்கள். புரிகளுக்கு இடையேயான பள்ளத்தில் சிறு கயிற்றை ஓட்டி நிரப்புவது முதல் வேலை. அதன்மேல் தார் தோய்ந்த கித்தான் பட்டையை முறுக்கின் திசையிலேயே சுற்ற வேண்டும். கடைசியாக முறுக்குக்கு எதிர்த்திசையில் மெல்லிய கயிற்றைச் சுத்தியல் போன்ற கருவியால் நெருக்கமாக இறுக்கிச் சுற்றுவார்கள். பட்டையைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரைபோல் மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடி மழைநீரை வெளியே வழியவிடும். மாற்றிச் சுற்றினால் நீர் உள்ளே இறங்கித் தங்கும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும் கால்கயிறு உள்ளே மக்கியிருக்கும். அதன்மேல் நின்றவன் கடலில் விழுந்த பிறகுதான் தெரியவரும். நல்ல மேட் ஒவ்வொரு பயணத்திலும் அந்தச் சுற்றைப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்.

ஆபத்தில் உயிர் காத்ததும் ஹெம்ப் கயிறுதான். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் தடிகயிறுகள் கீழே துளையிட்ட மரவட்டுகள் வழியாகச் சிறு கயிற்றால் இறுக்கப்பட்டிருக்கும். கப்பல் கவிழும் நிலைக்குச் சாய்ந்தால் காற்றுப்பக்கத்துச் சிறு கயிறுகளைக் கோடரியால் வெட்டுவார்கள். மரம் தானே முறிந்து விழும், கப்பல் நிமிரும். இப்போது சான் டியேகோவில் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் நிற்கும் இரும்புக் கப்பல், 1863-இல் மான் தீவில் கட்டப்பட்டபோது யூட்டர்ப் என்று பெயர் பெற்றது. 1865-இல் வங்கக் கடல் புயலில் மாட்டி, மரங்களை வெட்டிவிட்டுத் தத்தளித்துத் திருகோணமலைக்குள் நுழைந்து தப்பியது. இன்றும் கடலில் பாய் விரிக்கிறது.

வியாழன், டம்பார்ட்டன்

இரவு ரயிலில் கிளாஸ்கோ. காலையில் குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து டம்பார்ட்டன். கட்டி சார்க் பிறந்த ஊர். ஹெர்குலிஸ் லின்டன் வடிவமைக்க, ஸ்காட் அண்டு லின்டன் கட்டினார்கள். முதலாளி ஜான் வில்லிஸ் டன்னுக்கு 17 பவுண்டு என்று ஒப்பந்தத்தை நெருக்கிப் பிடித்தார். மேற்பார்வைக்கு நின்ற கேப்டன் மூடி மனதுக்குப் பிடிக்காத பலகையையெல்லாம் திருப்பி அனுப்பினார். கட்டி முடிக்கும் முன்பே நிறுவனம் நொடித்தது. அருகிலிருந்த டென்னி சகோதரர்கள் முடித்துக் கொடுத்தார்கள். கப்பல் நீரில் இறங்கியது 1869 நவம்பர் 22. ஐந்து நாளுக்கு முன்தான், நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறந்திருந்தது. செங்கடலின் எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் அந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்த முடியாது. எட்டுத் தேயிலைப் பயணங்களோடு கட்டி சார்க்கின் சீனத் தொழில் முடிந்துபோனதற்கு இதுவே காரணம்.

பழைய கட்டுதளத்தைத் தேடி அலைய வேண்டாம். டென்னிகள் 1883-இல் அமைத்த மாதிரிச் சோதனைத் தொட்டி அருங்காட்சியகமாக இருக்கிறது. கப்பல் மாதிரிகளை இழுத்து நீரெதிர்ப்பை அளந்த நீண்ட தொட்டி. ஒரு மணி நேரம் போதும்.

வெள்ளி, கிளாஸ்கோ – கிளென்லீ

ரிவர்சைடு அருங்காட்சியகத்தின் வாசலிலேயே கிளைட் ஆற்றில் கிளென்லீ நிற்கிறது. 1896-இல் போர்ட் கிளாஸ்கோவில் கட்டிய எஃகுக் கப்பல், 245 அடி, மூன்று பாய்மரம். நான்கு முறை உலகைச் சுற்றி, 15 முறை கேப் ஹார்னைத் தாண்டியது. கட்டி சார்க்கைப் பார்த்துவிட்டு வந்தால் இது அழகற்றதாகத் தோன்றும், பெட்டிபோல் வயிறு. இருந்தாலும் அந்த நூற்றாண்டின் இறுதியில் உண்மையாகச் சம்பாதித்தது இந்த வகைதான். 2,000 டன்னுக்கு மேல் ஏற்றி, ஆட்கள் ஏறக்குறைய 25 பேர். நிமிர்ந்து பாருங்கள்: பாய்மர உச்சியில் கடைசிப் பாய் வைக்கவே இல்லை. உச்சிப்பாய் இல்லையென்றால் அதற்கான மரம், கயிறு, ஏறும் ஆள் மூன்றும் மிச்சம். அதற்குக் கீழே வரும் பாயையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பின்மரத்தில் குறுக்குப் பருமல்களே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கையைக் குறைத்த கணக்கு.

அவசரமில்லாத, அளவில் பெரிய சரக்குகள்தான் பாய்க்கப்பலுக்கு மிச்சமிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆபத்து. நிலக்கரி தானாகச் சூடேறும்; நொறுங்கிய, ஈரமான கரி இன்னும் மோசம். சரக்கறைக்குள் குழாய் இறக்கி வெப்பநிலை பார்ப்பார்கள். மேல்வாயுவை வெளியேற்றத் திறப்புகளைத் திறக்க வேண்டும். கரியின் உள்ளே காற்றைச் செலுத்தினாலோ கனல் வளரும். கோதுமை மூட்டையாகப் போகும். கிழிந்த மூட்டையின் தானியம் இடுக்குகளில் இறங்கி மேலே வெற்றிடம் உண்டாக்கினால், சாய்வில் முழுச் சுமையும் ஒரு பக்கம் சரிந்து கப்பல் நிமிராது. அதற்காக நடுவில் நீளவாக்கில் பலகைத் தடுப்பு வைப்பார்கள்.

சிலியின் நைட்ரேட் மிகக் கனம். அடியில் பரப்பினால் கப்பல் அளவுக்கு மீறி நிலைத்து, ஒவ்வொரு அலைக்கும் வெடுக்கென்று நிமிரும். அந்த உதறலில் பாய்மரமே முறியும். அதனால் பக்கங்களில் இடம் விட்டு, நடுவில் பிரமிடுபோல் உயர்த்தி அடுக்குவார்கள். இக்கீக்கே போன்ற துறைகளில் துறைமேடை இல்லை. படகில் வரும் மூட்டையை இயந்திரம் தூக்கி இறக்கும்போது அடுக்குபவன் தோளில் வாங்கிச் சரியான இடத்தில் விழவைப்பான். விழுந்த மூட்டையை நகர்த்த நேரம் கிடையாது. நைட்ரேட்டில் தீப்பிடித்தால், நைட்ரேட் கரைத்த நீர்தான் மருந்து. அந்த நீர்ப் பீப்பாய் எப்போதும் தட்டில் தயாராக இருக்கும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கும் எல்லை வந்தது. சாமுவேல் பிளிம்சால் நாடாளுமன்றத்தில் போராடி 1876 சட்டத்தில் கொண்டுவந்த கோடு அது; கப்பலின் பக்கத்தில் வரைவார்கள், அதற்கு மேல் நீர் வரும்படி ஏற்றக் கூடாது. முதலில் எங்கே வரைவது என்பதை முதலாளியே தீர்மானித்தார். சட்டம் இடத்தைக் கட்டாயமாக்கியது 1890-இல்தான். பதினான்கு ஆண்டுகள் மாலுமிகள் பெயரளவுக் கோட்டை நம்பிக் கடலுக்குப் போனார்கள்.

எஃகுக்குக் கலப்பத்து வேண்டாம், துரு உண்டு. நல்ல வானிலையில் பாய் வேலை குறையும்போது ஆட்களைச் சும்மா விடுவதில்லை: சுத்தியலால் துருவைக் கொத்தி, சுரண்டி, முதல் பூச்சு, மேல்பூச்சு. தச்சர் தினமும் கயிற்றில் கட்டிய இரும்புக்கோலில் சாக்கட்டி தேய்த்துக் குழாய் வழியாக அடித்தளம்வரை இறக்கி, நனைந்த அளவைப் படிப்பார். நேற்றைவிட ஒரு அங்குலம் கூடினால் பம்பு. வெப்ப மண்டலக் கடலில் நல்ல பாய்களை இறக்கிவிட்டு ஒட்டுப்போட்ட பழைய பாய்களை ஏற்றுவார்கள். மென்காற்றில் பாய் ஓயாமல் படபடத்துத் தேயும். அந்தத் தேய்மானத்தைப் பழசு வாங்கிக்கொள்ளட்டும். தெற்கே போகும் முன் கனத்த புதுக் கித்தான் மீண்டும் மேலே ஏறும்.

சனி, கிளென்லீ – சமையலறையும் கணக்கும்

சமையலறை தட்டின் நடுவில், ஒரு கரியடுப்பு. ஒப்பந்தத்தில் அச்சிட்ட உணவு அளவு: நாளுக்கு ஒரு பவுண்டு பிஸ்கட், வாரத்தின் நாளுக்கேற்ப உப்பு மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ ஒன்றே கால் அல்லது ஒன்றரை பவுண்டு, சில நாள் அரைப் பவுண்டு மாவு, சில நாள் பட்டாணி. குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து மூன்று குவார்ட் தண்ணீர், சுமார் 3.4 லிட்டர். இறைச்சியை உண்பதற்கு முன் தட்டில் ஒரு பீப்பாயில் ஊறவைத்து உப்பை இறக்குவார்கள். பிஸ்கட்டைத் தட்டினால் வண்டு உதிரும்.

பத்து நாளுக்குப் பிறகு தினமும் ஒரு அவுன்ஸ் எலுமிச்சைச் சாறு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மேட்டின் கண்முன்னால் குடிக்க வேண்டும். மத்தியதரைக்கடல் எலுமிச்சைக்குப் பதில் மலிவான மேற்கிந்தியச் சாற்றுக்கு மாறிய பிறகு, அதில் சத்து மிகக் குறைவாக இருந்ததால், சாறு குடித்தும் ஈறு வீங்கியது. சான்றிதழ் பெற்ற சமையல்காரர் வேண்டும் என்ற விதி 1906 சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேர்ந்த மாலுமிக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று பவுண்டு. சேரும்போது ஒரு மாத முன்பணச் சீட்டு கிடைக்கும். அது பெரும்பாலும் தங்குவிடுதிக்காரன் கைக்கே போய்விடும். கடலில் மழைச்சட்டை, பூட்ஸ், புகையிலை எல்லாம் கேப்டனின் பெட்டியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டும். கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். பத்து மாதப் பயணம், மாதம் மூன்று பவுண்டு என்றால் முப்பது. முன்பணம் மூன்று, பெட்டிக் கடன் ஐந்தாறு போக இருபத்தொன்றோ இருபத்திரண்டோ. அதை அரசின் கப்பல் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் முன்னிலையில் எண்ணிக் கொடுப்பார்கள். கணக்கில் ஆட்சேபம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அங்கேயே சொல்ல வேண்டும்.